லோதியன் சுகாதாரச் சேவை ஆவணக் காப்பகம்

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்து மருத்துவமனைகளின் பழைய பதிவுகளைப் பாதுகாக்கும் காப்பகம் இது. 1980இல் தொடங்கப்பட்டது, எடின்பரோ பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்புகளோடு சேர்ந்து இயங்குகிறது. 1729இல் ஒரு சிறு வீட்டில் ஆறு படுக்கைகளோடு தொடங்கிய ராயல் இன்ஃபர்மரியின் ஆவணங்களும் இங்கே இருக்கின்றன.

ஆஸ்பத்திரிக் காகிதம் சிகிச்சைக்காக எழுதப்படுவது. ஆனால் நோயாளியின் வயது, தொழில், ஊர், கொண்டுவந்து சேர்த்தவர் என்று சேர்க்கைப் பதிவேடு கேட்கும் ஒவ்வொரு விவரமும், வரலாற்று நூல்களில் பெயர் இடம்பெறாத மனிதர்களைப் பற்றியது. நரம்பியல் அறுவை மருத்துவர் நார்மன் டாட் விட்டுச்சென்ற பல்லாயிரம் கேஸ் ஷீட்டுகளை மருத்துவர்களைவிடச் சமூக வரலாற்றாளர்கள் ஆர்வமாகப் புரட்டினால் வியப்பில்லை.

காப்பகத்தின் உயிர்நாடி, 1813இல் திறக்கப்பட்ட ராயல் எடின்பரோ மனநோய் மருத்துவமனையின் பதிவுகள்தான். 1873 முதல் 1908 வரை அதன் தலைமை மருத்துவராக இருந்தவர் தாமஸ் கிளவுஸ்டன். அவர் காலத்தில் நோயாளிகள் எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்கள் தபாலுக்குப் போகவே இல்லை. நோயின் அறிகுறி என்று கருதப்பட்டு, பதிவேட்டிலேயே சேர்த்து வைக்கப்பட்டன. சாப்பாடு சரியில்லை என்ற புகார், வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லும் மன்றாட்டு, தன்னை அடைத்து வைத்தது அநியாயம் என்ற வாதம், சில இடங்களில் மருத்துவருக்கு நன்றி. அனுப்பியிருந்தால் பெரும்பாலானவை என்றோ அழிந்திருக்கும். நோயாளிகளுக்கு இழைக்கப்பட்ட அநீதிதான் ஆய்வாளருக்குக் கொடையானது என்பது சங்கடமான உண்மை. அதே மருத்துவமனையில் நோயாளிகள் 1845 முதல் ‘மார்னிங்சைடு மிரர்’ என்ற பத்திரிகையும் நடத்தினார்கள். வெளியார் படிக்கத் தக்கதாக எழுதிய பத்திரிகையையும் வெளியே போகாத கடிதத்தையும் அருகருகே வைத்துப் படிப்பது தனி அனுபவம்.

எய்ட்ஸ் தொடர்பான தொகுப்புகள் நம் காலத்துக்கு நெருக்கமானவை. 1980களின் தொடக்கத்தில் எடின்பரோவில் ஹெராயின் பழக்கம் பரவியது. புதிய ஊசிகள் எளிதில் கிடைக்காதபடி காவல்துறை கெடுபிடி காட்டியதால், ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். மியூர்ஹவுஸ் பகுதி மருத்துவர்கள் தங்களிடம் வந்த போதை ஊசிப் பழக்கம் உள்ளவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, ஏறக்குறைய பாதிப் பேருக்கு எச்ஐவி தொற்று இருந்தது. சுத்தமான ஊசிகளை வழங்க வேண்டும் என்று 1986இல் ஓர் அரசுக் குழு பரிந்துரைத்தது. அந்தக் காலத்துச் சுவரொட்டிகளும் துண்டுப் பிரசுரங்களும் நிர்வாகக் கோப்புகளும் அடங்கிய இந்தத் தொகுப்பு, 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவகத் திட்டத்தின் பிரிட்டன் பதிவேட்டில் இடம்பெற்றது.

பழைய பதிவேடுகளை ஆய்வாளர்கள் பார்க்கலாம். அண்மைக்கால நோயாளர் விவரங்களைக் கேட்டவுடன் எடுத்துத் தருவதில்லை. உயிரோடு இருப்பவர்களின் நோய் விவரம் வெளியே போய்விடக் கூடாதே!