எலிக்கூண்டு கழுவின கதை

எங்கள் வீட்டு 20 லிட்டர் தண்ணி கேனைக் கழுவும்போதுதான் கவனித்தேன். அடியில் முக்கோணத்துக்குள் 7 என்ற எண். 1 முதல் 6 வரை ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக்கைக் குறிக்கும். 7 என்றால் 'மற்றவை', அவ்வளவுதான். பாலிகார்பனேட்டும் அந்த மூட்டைக்குள்தான் வருது. அதைத் தோண்டப் போய், நான் எதிர்பார்க்காத ஒரு பழைய கதை கிடைத்தது.

பிஸ்பீனால் ஏ என்ற பொருளை 1891-இல் ரஷ்ய வேதியியலாளர் தியானின் செய்தார். பீனாலையும் அசிட்டோனையும் சேர்த்தால் வருவது. 1936-இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனுக்கு மாற்று மருந்து தேடிக்கொண்டிருந்தார். சினைப்பை நீக்கிய எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது ஈஸ்ட்ரோஜன் மாதிரியே வேலை செய்தது, கொஞ்சம் பலவீனமாக. 1938-இல் அவர் குழுவுக்கு டிஇஎஸ் என்ற வீரியமான மருந்து கிடைத்ததும் இதை ஓரம் கட்டிவிட்டார்கள்.

1953-இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஷ்னெல், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஃபாக்ஸ், இருவரும் தனித்தனியாக அதே பொருளைக் கோத்துப் பாலிகார்பனேட் செய்தார்கள். கண்ணாடி மாதிரித் தெளிவு, கீழே போட்டாலும் உடையாது. பால் புட்டிக்கு வேறென்ன வேணும்? ஹார்மோன் வேலை செய்யும் என்று 17 வருஷம் முன்னாடியே அச்சில் வந்த பொருள் இது! சங்கிலியாகக் கோத்துவிட்டால் வெளியே வராது என்று நினைத்திருப்பார்களோ என்னவோ.

வந்தது. 1993-இல் ஸ்டான்ஃபோர்டில் ஈஸ்ட் ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறதா என்று தேடியவர்கள், அது ஈஸ்ட்டிலிருந்து வரவில்லை, நீராவியில் சூடாக்கிய பாலிகார்பனேட் குடுவையிலிருந்து கசிகிறது என்று கண்டார்கள்.

எனக்கு மறக்க முடியாதது 1998-இல் நடந்தது. அமெரிக்காவில் பட்ரீசியா ஹன்ட் எலிகளின் சினைமுட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். குரோமோசோம் சரியாக வரிசைப்படாத முட்டைகள் வழக்கமாக 1-2 சதவீதம்தான் இருக்கும். திடீரென்று 40 சதவீதம்! அதுவும் எந்தச் சோதனைக்கும் ஆளாகாத எலிகளிடம். துருவிப் பார்த்தால், தற்காலிகமாக வந்த ஊழியர் ஒருவர் பாலிகார்பனேட் கூண்டுகளைத் தரை துடைக்கும் காரச் சோப்பால் கழுவியிருக்கிறார். கூண்டு மங்கி, அரித்துப்போய், பிஸ்பீனால் கசிந்திருக்கிறது. ஹன்ட் அதோடு விடவில்லை. வேண்டுமென்றே அந்தப் பொருளைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்து 2003-இல் வெளியிட்டார்.

பிறகுதான் தடைகள். பால் புட்டியை ஐரோப்பா 2011-இல் தடுத்தது. அமெரிக்கா 2012-இல், அதுவும் தயாரிப்பாளர்களே கைவிட்ட பிறகு. உணவில் இப்போது இருக்கும் அளவு ஆபத்தில்லை என்றுதான் அமெரிக்காவின் எஃப்டிஏ சொல்கிறது. 2023-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ, அனுமதிக்கத்தக்க அளவை 20,000 மடங்கு குறைத்தது. இரண்டும் அரசு அமைப்புகள்தான். நான் யாரை நம்ப? ஹன்ட்டின் எலிகளைப் பார்த்த பிறகு ஐரோப்பா பக்கமே சாய்கிறேன்.

'பிபிஏ ஃப்ரீ' என்று ஒட்டினால் நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. பல இடங்களில் அதற்குப் பதில் வந்தது பிஸ்பீனால் எஸ், கிட்டத்தட்ட அதன் தம்பி. ஹன்ட்டின் கூடத்தில் மறுபடி கூண்டு சேதமானது, மறுபடி எலிகளிடம் கோளாறு என்று 2018-இல் வெளியிட்டார்கள். இந்த முறை கூண்டு பாலிசல்போன். கசிந்தது அந்தத் தம்பி.

எங்கள் கேன் இன்னும் மாறவில்லை. வெயிலில் நிற்கிற வண்டியிலிருந்து இறங்கினதும் தண்ணியை மண்பானைக்கு மாத்திடறேன். சூடாவதும் கீறலும் காரச் சோப்பும்தான் அதற்கு ஆகாதவை. கேனைத் தேய்க்கிற கம்பி பிரஷ்ஷை மட்டும் தூக்கிப் போட்டாச்சு.