வழிகாட்டியின் குரல்

ஒரு வீட்டுக்கு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. விருந்தாளி ஒரு வகை. வேடிக்கை பார்க்க வருகிறவர் இன்னொரு வகை. விருந்தாளி வாசலில் நின்று, வீட்டுக்காரர் 'வாருங்கள்' என்று சொல்லக் காத்திருப்பார். மற்றவரோ எட்டிப் பார்த்து, வியந்து, காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை அறிய விரும்புகிறவர்கள், நியூஸிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் சினிமாச் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

அந்நாட்டின் வட தீவில் ரோட்டோருவா என்று ஓர் ஊர். அங்கே பூமி ஓயாமல் கொதித்துக் கொண்டிருக்கிறது. வெந்நீர் ஊற்றுகள் பீச்சியடிக்கின்றன. சேற்றுக் குட்டைகள் உலையில் வைத்த கஞ்சியைப் போல் குமிழியிடுகின்றன. பக்கத்தில் ரோட்டோமஹானா ஏரிக்கரையில் ஒரு காலத்தில் இரண்டு அதிசயங்கள் இருந்தன. ஒன்று வெள்ளை நிறம், மற்றொன்று இளஞ்சிவப்பு. வெந்நீரில் கரைந்து வந்த தாதுப் பொருள் படிந்து படிந்து, இயற்கையே கட்டி வைத்த படிக்கட்டுகள்! அவற்றைக் காண ஐரோப்பாவிலிருந்து கனவான்கள் கப்பலேறி வந்தார்கள். அங்கே வாழ்ந்த தூஹோராங்கி குலத்தார் அவர்களைப் படகில் ஏற்றிச் சென்று வழிகாட்டிப் பணம் பெற்றார்கள்.

1886-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி விடிவதற்கு முன் தாராவெரா எரிமலை வெடித்தது. படிக்கட்டுகள் மறைந்தன. சுமார் 120 பேர் மாண்டார்கள். சோபியா ஹினெராங்கி என்ற வழிகாட்டி அம்மாளின் வீட்டில் ஒண்டிக்கொண்ட 60-க்கு மேற்பட்டவர்கள் உயிர் தப்பினார்கள். ஊரும் பிழைப்பும் போன மக்களில் பலர் வாக்கரேவரேவா கிராமத்தில் குடியேறி, அங்குள்ள வெந்நீர் ஊற்றுகளுக்கு வழிகாட்டினார்கள். ஆற்றில் பிரயாணிகள் எறிந்த காசுகளுக்காகக் குழந்தைகள் பாலத்திலிருந்து குதித்தார்கள்.

அந்தக் காசு குதித்தவர்களின் கௌரவத்துக்கு இழுக்குத்தான். ஆனால் அதே ஊரின் வழிகாட்டிப் பெண்களை அப்படிச் சொல்லிவிட முடியாது. மேகி பாப்பாகுரா என்ற அம்மாள் 1901-இல், பின்னால் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசருக்கு வழிகாட்டினார். 1911-இல் ஆடல் பாடல் குழுவுடன் லண்டன் சென்றார். பிறகு ஆக்ஸ்போர்டில் தம் மக்களின் பழைய வாழ்க்கையைப் பற்றியே ஆராய்ச்சி செய்தார். 1930-இல் அவர் காலமானார். நூல் 1938-இல் வெளிவந்தது. வழிகாட்டிக்குச் சொந்தமாக ஒரு குரல் இருந்தது. எந்தக் கதையைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அவளே தீர்மானித்தாள்.

அந்தக் குரல் ஊமைப்படத்தில் அடங்கிப் போயிற்று. உல்லாசப் பிரயாணத்துக்கென்றே நியூஸிலாந்து அரசாங்கம் 1901-இல் ஓர் இலாகா ஏற்படுத்தியது. அதன் புகைப்படக்காரரான ஜேம்ஸ் மக்டானல்டு சினிமாப் படமும் எடுத்தார். 1912-இல் பிரெஞ்சுக்காரரான காஸ்டன் மெலியே வந்து, மாவோரி மக்களையே நடிக்க வைத்துக் கதைப்படங்கள் எடுத்தார். அவற்றில் ஒன்று ஹினேமோவாவின் காதல் கதை. காதலனின் குழலோசையைக் கேட்டு இருட்டில் ஏரியை நீந்திக் கடந்தவள் அவள். 1914-இல் ஜார்ஜ் டார் என்பவரும் அதே கதையைப் படமாக்கினார். மாவோரிகளின் முகமும் மாவோரிகளின் கதையும் திரையில் தெரிந்தன. ஆனால், காமிராவுக்குப் பின்னால் நின்றவர் அந்நியர்.

எல்லாரும் கெட்ட எண்ணத்துடன் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். 1919 முதல் 1923 வரை அரசாங்கப் பொருட்காட்சிசாலை நான்கு யாத்திரைகளை நடத்தியது. அபிரானா ஙாட்டா, டே ராங்கி ஹிரோவா முதலிய மாவோரித் தலைவர்களே அதற்கு ஊக்கமளித்தார்கள். விலாங்கு மீன் பொறி பின்னுவது, பாய் முடைவது, நூல் விளையாட்டு எல்லாவற்றையும் மக்டானல்டு படம் பிடித்தார். படச்சுருள்கள் பெட்டிக்குள் போயின. படமெடுக்கப்பட்ட ஊர்களுக்கு அவை திரும்பி வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று! 1980-களில் திரைப்படப் பாதுகாப்பு நிலையத்தார் அவற்றைச் செப்பனிட்டு ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். பேரப்பிள்ளைகள் திரையில் பாட்டன் பாட்டிமாரைக் கண்டார்கள். பிரயாணிக்கு அது வேடிக்கை, அவர்களுக்கோ குடும்பம்.

இதற்குள் மாவோரிகளே காமிராவைக் கையில் எடுத்துவிட்டார்கள். 1974-இல் பாரி பார்க்லே 'டங்காட்டா வெனுவா' என்ற தொலைக்காட்சித் தொடரை இயக்கினார். மண்ணின் மக்கள் என்று அதற்குப் பொருள். முதியவர்களின் பேச்சு தடைப்படாதிருக்க, அவர் காமிராவைத் தூரத்தில் நிறுத்தினார். காமிரா பார்ப்பதற்கு முன் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. 1987-இல் அவர் எடுத்த 'ஙாட்டி', கிழக்குக் கடற்கரைக் கிராமம் ஒன்றின் 1948-ஆம் ஆண்டு வாழ்க்கையைச் சொல்கிறது. மறு ஆண்டு மெராட்டா மீட்டா என்ற பெண்மணி 'மௌரி' என்ற கதைப்படத்தைத் தாமே எழுதி இயக்கினார். இவர்கள் படங்களில் வழிகாட்டியின் குரல் மீண்டும் கேட்டது.

நல்ல படம் வந்தால் பிரயாணிகளும் வருவார்கள். விட்டி இஹிமேரா 1987-இல் எழுதிய நாவல் 2002-இல் 'வேல் ரைடர்' என்ற படமாயிற்று. இயக்கிய நிக்கி காரோ மாவோரி அல்லர்; ஆனால் கதை நடக்கும் வாங்காரா கிராமத்திலேயே, ஊராருடன் கலந்தே படமெடுத்தார். அங்கே கூடத்தின் முகட்டில் திமிங்கிலத்தின் மேல் அமர்ந்திருக்கும் முன்னோரின் சிற்பத்தைக் காண உலகெங்குமுள்ள ரசிகர்களுக்கு ஆசை பிறந்தது. காசு வேண்டாம் என்று சொல்லும் நிலையில் எந்தக் கிராமமும் இல்லை. ஆனால் அந்தக் காசுக்காக இன்னொரு தலைமுறைப் பிள்ளைகள் ஆற்றில் குதிக்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு மாவோரிகளிடம் பழைய பதில் ஒன்று இருக்கிறது. அவர்களுடைய ஊர்ப்பொது முற்றத்துக்குள் யாரும் நினைத்தபடி நுழைய முடியாது. வந்தவர்கள் வாசலில் நிற்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு பெண் நீண்ட குரலெடுத்து அழைப்பாள். அதன் பிறகே கால் எடுத்து வைக்கலாம். அந்த அழைப்பைக் கேட்டு வருகிறவன் எந்த நாட்டானாக இருந்தாலும் விருந்தாளி. கேட்காமல் வருகிறவன் எவ்வளவு கட்டணம் கொடுத்தாலும் வேடிக்கை பார்ப்பவன்தான். காமிராவுக்கும் சட்டம் அதுவே.