இல்லச் சூழல் பழக்கங்கள்: திருப்பாதிரிப்புலியூர்

சமைப்பது, துவைப்பது, வாங்குவது, கழிப்பது ஆகிய அன்றாட வேலைகளால் நிலத்துக்கும் நீருக்கும் காற்றுக்கும் நேரும் கேட்டைக் குறைக்க ஒரு குடும்பம் கைக்கொள்ளும் வழக்கங்கள் இல்லச் சூழல் பழக்கங்கள் எனப்படும். இவற்றை மனவுறுதி சார்ந்தவையாகப் பேசுவது பெருவழக்கு. ஆனால் கணவனும் மனைவியும் வேலைக்குப் போய், பிள்ளைகளையும் நேரத்துக்குப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டில் மனவுறுதி நெடுநாள் தாங்காது. வேலைப்பளுவைக் கூட்டாத பழக்கமே நிலைக்கும். கடலூர் மாநகராட்சியைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூர் இதை ஆராய ஏற்ற ஊர். பாடலீசுவரர் கோயிலும் பேருந்து நிலையமும் கடைத்தெருவும் நெருங்கிய இப்பகுதியை ஒட்டிக் கெடிலம் ஓடுகிறது. நகரின் வடக்கே தென்பெண்ணை கடலில் கலக்கிறது. 2011இல் தானே புயல், 2015இல் பெருமழை, 2024இல் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை வெள்ளம் என இந்த நகரம் அடுத்தடுத்துத் தண்ணீரில் நின்றிருக்கிறது. வாய்க்காலில் எறியப்படும் நெகிழிப் பை, ஐப்பசி மழையில் எறிந்தவர் வாசலிலேயே நீரைத் தேக்குகிறது. இங்கே சூழல் தொலைதூரத்துச் செய்தி அன்று.

எல்லாப் பழக்கங்களிலும் முதலாவது சமையலறைக் கழிவைத் தனியே போடுவது. இந்திய நகரக் குப்பையில் ஏறத்தாழப் பாதி மக்கும் பொருள். அது காகிதத்தோடும் நெகிழியோடும் கலந்தால் இரண்டும் கெடுகின்றன: ஈரம் பட்ட அட்டையைப் பழைய பேப்பர்க்காரர்கூட வாங்கமாட்டார்; நெகிழி கலந்த காய்கறித் தோல் உரமாகாது. குப்பை மேட்டில் காற்றுப் படாமல் அழுகும் உணவு மீத்தேனை வெளியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் அந்த வாயு, அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல 27 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கூட்டவல்லது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தருவதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குடும்பத்தின் கடமையாக்கின. இதற்கு வேண்டியது இன்னொரு வாளி மட்டுமே. வெங்காயத் தோல் எப்படியும் ஏதோ ஒரு வாளியில் விழப்போகிறது. சரியான வாளியில் விழுவதற்குக் கூடுதல் நேரம் ஆகாது. உரம் தயாரிப்பது வேறு கதை. துளையிட்ட மண்தொட்டியில் கழிவும் காய்ந்த சருகும் மாற்றி மாற்றிப் போட்டு, அவ்வப்போது கிளறினால் இரண்டு மூன்று மாதங்களில் உரம் கிடைக்கும். தோட்டமும் நேரமும் உள்ள வீட்டுக்கு அது நல்லது. மாடி வாடகை வீட்டில் இருப்பவர் மக்கும் குப்பையைப் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்தாலே போதும். மாநகராட்சியின் நுண் உர மையங்கள் அதற்காகவே உள்ளன. கடலோர ஊரில் அடிக்கடி சேரும் மீன் கழிவைத் தொட்டியில் போட்டால் நாற்றமும் பூனையும் வரும். அதைத் தென்னை, வாழையடியில் ஆழப் புதைக்கலாம். இடமில்லாதவர் மீனைச் சந்தையிலேயே சுத்தம் செய்து வாங்கிவருவது மேல். பயன்படுத்திய அணையாடையைத் தனியே காகிதத்தில் சுற்றித் தருவதை மட்டும் எந்த அவசரத்திலும் விடக்கூடாது. அதைத் தொடுவது இன்னொரு மனிதரின் கை.

நேரமில்லை என்பது முதல் மறுப்பு. அது சோம்பலின் சாக்கு அன்று, உண்மையான குறை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடம். சீயக்காய் அரைப்பதும் துணிப்பை துவைப்பதும் அந்த 299இல் போய்ச் சேர்ந்தால், பூமிக்குச் செய்யும் நன்மையின் விலையைப் பெண்ணே கட்டுகிறாள். ஆகவே ஒரு பழக்கத்தைத் தொடங்குமுன் அதை யார் செய்வார் என்று வீட்டில் பேசி முடிவு செய்யவேண்டும். குப்பை வாளி கணவனின் பொறுப்பாகவோ வளர்ந்த பிள்ளையின் பொறுப்பாகவோ இருப்பதில் தடையொன்றும் இல்லை.

வாங்குவதிலும் இதே அளவுகோல் பொருந்தும். தமிழக அரசு 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிகளை 2019 சனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. ஆனால் பருத்திப் பை தன்னளவில் புனிதமானது அன்று. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் 2011 ஆய்வு, பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்தினால்தான் மெல்லிய நெகிழிப் பையைவிடப் புவி வெப்பமாதலில் மேலானதாகும் என்று கணக்கிட்டது. கலியாணத்தில் தாம்பூலத்தோடு வந்த மஞ்சள் பைகள் வீட்டில் குவிந்திருக்கப் புதிதாகத் துணிப்பை வாங்குவது வீண். ஒன்றை வண்டியின் பெட்டியிலும் ஒன்றை அலுவலகப் பையிலும் வைத்தால் மறதிக்கு இடமில்லை.

ஒருமுறை செய்து மறந்துவிடக்கூடிய மாற்றங்கள் பரபரப்பான குடும்பத்துக்கு இன்னும் ஏற்றவை. ஏறக்குறைய 75 வாட் எடுக்கும் பழைய மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட் விசிறி நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். ஆர்ஓ கருவி ஒரு லிட்டர் குடிநீருக்கு ஏறத்தாழ மூன்று லிட்டரைக் கழித்துவிடும். அந்தக் கழிவுநீர்க் குழாயை ஒரு வாளியில் விட்டால் அந்த நீர் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஆகும். உப்பு மிகுந்திருக்கும் என்பதால் செடிக்கு ஊற்றவேண்டாம். 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்கு, மழைக்கு முன் ஆண்டுக்கு ஒருமுறை வண்டல் அள்ளினால் போதும்.

கடுமையான மறுப்பு வேறிடத்திலிருந்து வருகிறது. நகரின் தெற்கே உப்பனாற்றை ஒட்டிச் சிப்காட் இரசாயன ஆலைகள். மேற்கே பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைக்கும் நெய்வேலிச் சுரங்கம். இவற்றுக்கு நடுவே ஒரு வீட்டின் வாளி எதை மாற்றும்? ஆலையின் கேட்டை அது மாற்றாது. மாற்றும் என்று சொல்வது மக்களை ஏமாற்றுவதாகும். ஆலைக்குப் பொறுப்பு ஆலையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும். ஆயினும் தெரு வாய்க்கால் அடைப்பும் குப்பை மேட்டின் நாற்றமும் வீடுகளிலிருந்து தொடங்குகின்றன. பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள் என்ற புகாருக்கும் விடை வீட்டில் பிரிப்பதிலேயே உண்டு. வண்டியில் தனித்தனி அறை வேண்டும் என்று, நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2022இல் தொடங்கிய பகுதி சபைக் கூட்டத்தில் கேட்கலாம். தெருவில் பத்து வீடுகள் ஏற்கெனவே பிரித்துத் தந்துகொண்டிருந்தால், பிரிக்க ஆளில்லை என்ற பதிலை மாமன்ற உறுப்பினர் அங்கே சொல்ல முடியாது.