மிதிவண்டி விளக்கும் ஓர் இரவின் விலையும்

மலிவான டைனமோ விளக்கு எது? சாந்த்ராகாச்சியில் தங்கிப் பயிலும் தமிழ் மாணவர்கள் சிலர் அண்மையில் எழுப்பிய வினா இது. சரக்கு லாரிகள் ஓயாமல் ஓடும் கோனா விரைவுச்சாலையை ஒட்டி இரவில் மிதிவண்டி ஓட்ட வேண்டியவர்களுக்கு இஃது உயிரைப் பற்றிய வினாவும் ஆகும். கடைக்காரர் ஒரு தொகையைச் சொல்லி விடை தந்துவிடுவார். ஆனால் 'மலிவு' என்பது இங்கே மூன்று பொருள் தரும் சொல். வாங்கும் நாளில் கொடுக்கும் விலை ஒன்று. ஒவ்வோர் இரவும் கொடுக்கும் விலை மற்றொன்று. அந்த ஒளிக்காக யாரை நம்பியிருக்கிறோம் என்பது மூன்றாவது. மிதிவண்டி விளக்கின் வரலாறு இம்மூன்றும் தம்முள் இடம் மாறிக்கொண்ட வரலாறே.

முதலில் வந்தவை எண்ணெய் விளக்குகள். பர்மிங்காமைச் சேர்ந்த ஜோசப் லூகாஸ் 1879இல் 'கிங் ஆஃப் தி ரோடு' என்ற பெயரில் விற்ற விளக்கு, அக்கால உயர்சக்கர வண்டியின் அச்சில் தொங்கியது. 1890களின் பிற்பகுதியில் கார்பைடு விளக்கு பரவியது. மாங்காயைப் பழுக்கவைக்கப் பயன்படுத்துவதாக இன்று நாம் கேள்விப்படும் அதே கார்பைடு கல்தான். அதன்மீது நீர் சொட்டும்போது உண்டாகும் அசிட்டிலீன் வாயு வெண்ணிறச் சுடராக எரியும். எண்ணெயைவிட ஒளி மிகுதி. ஆனால் கல்லும் நீரும் அடிக்கடி நிரப்ப வேண்டும், எஞ்சும் சுண்ணாம்புக் கசடை அகற்ற வேண்டும். இவ்விரு விளக்குகளிலும் ஒளி என்பது ஒவ்வோர் இரவும் காசு கொடுத்து வாங்கும் பண்டமாகவே இருந்தது. பின்வந்த மின்கல விளக்கும் இதற்கு விலக்கன்று.

இந்தக் கணக்கை மாற்றியது டைனமோ. காந்தப்புலத்தின் மாற்றத்தால் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். வெர்னர் ஃபான் சீமென்ஸ் தம் மின்னாக்கப் பொறியை 1867இல் பெர்லினில் அறிவித்தபோது வழங்கிய பெயரிலிருந்தே 'டைனமோ' நிலைபெற்றது. ஆற்றலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதன் வேர். மொழியியல் நோக்கில் ஒரு சிறு முரண் இதில் உண்டு. சீமென்ஸின் பொறி மின்காந்தத்தால் இயங்கியது. மிதிவண்டியில் இருப்பதோ நிலைக்காந்தம். தருவதோ மாறுதிசை மின்னோட்டம். பொறியியலார் இதை டைனமோ என்று ஒப்பமாட்டார்கள். தெருவின் வழக்கு அந்தத் திருத்தத்தைப் பொருட்படுத்தவில்லை. 'மின்னாக்கி' என்ற நல்ல கலைச்சொல்லாலும் அவ்வழக்கை அசைக்க இயலவில்லை.

டயரின் பக்கவாட்டில் உராயும் புட்டி வடிவ டைனமோ பரவலானது. பின்னாளில் இதன் பொது அளவு 6 வோல்ட், 3 வாட் என நிலைத்தது. முன்விளக்குக்கு 2.4 வாட், பின்விளக்குக்கு 0.6 வாட் என்பது பங்கீடு. ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1936இல் சக்கர அச்சுக்குள்ளேயே டைனமோவை அடக்கி 'டைனோஹப்' என விற்றது. இரண்டிலும் எரிபொருள் ஓட்டுபவரின் கால்தான். வாங்கிய பின் இரவுக்கு இவ்வளவு என்று எவருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் இதன் பொருளாதாரத்தைச் சட்டமும் வடிவமைத்தது. 1950களின் தொடக்கத்தில் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் ஆலையும், இங்கே வங்காளத்தில் ஆசன்சோலில் சென்-ராலே ஆலையும் இயங்கத் தொடங்கின. மிதிவண்டி எழுத்தருக்கும் ஆசிரியருக்கும் தொழிலாளிக்கும் உரியதாயிற்று. தமிழகத்தில் உள்ளாட்சி அமைப்புகள் அதற்கு ஆண்டு வரி வாங்கிப் பில்லை தந்தன. இரவில் விளக்கின்றிச் சென்றால் காவலர் நிறுத்துவார். அபராதம், சில வேளைகளில் சக்கரத்தின் காற்றைப் பிடுங்கிவிடும் தண்டனை. டைனமோ வாங்க இயலாதவர் காவலர் நிற்கும் முனை வரும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். ஒளி பாதுகாப்புக்கு மட்டும் உரியதாக இல்லை; சாலையில் செல்லும் தகுதிக்குச் சான்றாகவும் இருந்தது.

மூன்றாவது பொருளாகிய சார்பின்மை எவ்வளவு பெறுமானம் உடையது என்பதை நம் மொழி பேசும் நிலம் ஒன்று கடும் விலை கொடுத்து அறிந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பெட்ரோல், டீசல், பற்றறி முதலியவற்றைப் பொருளாதாரத் தடை விலக்கிவைத்தது. மண்ணெண்ணெய் அரிதாகி, எட்டாத விலைக்குப் போயிற்று. மாணவர்கள் சிறிதளவு மண்ணெண்ணெயும் திரியும் கொண்ட ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். செய்தி கேட்க வானொலிக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்ற, டைனமோ தந்த மின்சாரத்தில் மற்றவர் பிபிசி தமிழோசை கேட்டனர். வானொலிக்கு நேர்திசை மின்னோட்டம் தேவை. எனவே டையோடுகளால் மின்னோட்டத்தை ஒருதிசைப்படுத்தி, மின்தேக்கியால் சமன்செய்யும் அறிவும் இதனுள் அடங்கும். 3 வாட் என்பது கடையில் அற்பமான எண். எரிபொருளும் பற்றறியும் மறுக்கப்பட்ட ஊரில் அதுவே உலகோடு இருந்த தொடர்பு. தொழில்நுட்ப வரலாறு புதுப்புனைவாளர்களின் வரலாறாகவே எழுதப்படுவதால், பழைய கருவியைப் புதிய தேவைக்கு வளைத்த இத்தகைய மக்கள் அறிவு அதில் இடம்பெறாமல் போகிறது.

இன்றைய நிலை இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது. கடைகளில் உள்ள சாதாரண மிதிவண்டிகள் பெரும்பாலும் விளக்கின்றியே விற்கப்படுகின்றன. எதிரொளிப்பான் மட்டும் இருக்கும். அதன் தரத்துக்கு ஒன்றிய அரசு 2020இல் ஆணையே பிறப்பித்தது. பயனுள்ளதுதான். ஆனால் எதிரொளிப்பான் தருவது இரவல் ஒளி. எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு அதன்மீது பட்டால்தான் அது மின்னும். சாலையின் பள்ளத்தைக் காட்டாது. ஆற்றின் அக்கரையில் கொல்கத்தா காவல்துறை 2013இல் 174 சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதித்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒரு காலத்தில் விளக்கோடு வா என்று சொன்ன சாலை, பிறகு வராதே என்று சொல்லத் தொடங்கியது. பால்காரரும் செய்தித்தாள் போடுபவரும் கூலித்தொழிலாளரும் அப்போதும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இனி வினாவுக்கு வருவோம். பழைய இழைக்குமிழ் விளக்கைத் தவிர்க்கலாம். மெதுவாகச் சென்றால் மங்கும், நின்றால் அணையும். ஒரு குமிழ் எரிந்துபோனால் மிகை மின்னழுத்தம் மற்றதையும் எரித்துவிடும். அதே 6 வோல்ட் டைனமோவோடு எல்இடி விளக்கை இணைத்தால், அதே உழைப்புக்குப் பன்மடங்கு ஒளி கிடைக்கும். வாங்கும் முன் இரண்டைக் கேட்டறிய வேண்டும். விளக்கு மாறுதிசை மின்னோட்டத்தை ஏற்குமா? வண்டி நின்ற பின்னும் சில நிமிடம் எரியச் செய்யும் மின்தேக்கி அதனுள் உண்டா? சந்திப்புகளில் நிற்கும்போது பின்விளக்கு அணையாதிருக்க இது இன்றியமையாதது. வங்கத்து மழைக்காலத்தில் நனைந்த டயரில் புட்டி டைனமோவின் உருளை வழுக்கும். அச்சு டைனமோவுக்கு அக்குறை இல்லை, விலைதான் பன்மடங்கு. ஆகவே சிறிய வருவாய் உடையவருக்கு ஏற்றது புட்டி டைனமோ, எல்இடி முன்விளக்கு, மழையிரவுக்குத் துணையாக மின்கலத்தில் எரியும் ஒரு சிறு பின்விளக்கு ஆகிய மூன்றும் சேர்ந்த அமைப்பே. மின்னேற்றம் செய்யும் விளக்கு வாங்கும் நாளில் இதைவிட மலிவாக இருக்கலாம். ஆனால் விடுதியில் மின்னேற்ற மறந்த ஓர் இரவில், லாரிகளுக்கு நடுவே, அந்த வேறுபாட்டை ஓட்டுபவர் செலுத்த நேரும்.