கொழும்பின் வாடகை வீடும் மூன்றாமவரும்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அங்கொடை மனநோய் மருத்துவமனையின் மீதும் குண்டுகள் வீழ்ந்தன. அக்கட்டிடங்களைக் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் என விமானிகள் மயங்கினர் என்பர். வரலாற்று நூல்களிற் கொலன்னாவைக்கு இடங்கிடைப்பது பெரும்பாலும் இத்தாங்கிகளின் பொருட்டேயாகும். ஆயினும் அதே ஆண்டிற் பிறந்த வேறொன்று, தலைநகரிலும் அதன் புறநகர்களிலும் வாழ்ந்தோரைக் குண்டுகளிலும் நெடுங்காலம் தொட்டு நின்றது. 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச்சட்டமே அது.

போர்க்காலத்து வாடகைச் சட்டம் இலங்கையின் தனிக் கண்டுபிடிப்பன்று. முதலாம் உலகப்போரின்போது, 1915இல், கிளாஸ்கோ நகரத்துத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் உயர்த்திய வாடகையைச் செலுத்த மறுத்துத் திரண்டனர். அவ்வாண்டிலேயே பிரித்தானியப் பாராளுமன்றம் வாடகையை உறையச் செய்தது. படையினரும் துறைமுகத் தொழிலாளரும் பெருகிய கொழும்பிலும் அதே நெருக்கடி தோன்றியது. 1941 நவம்பரில் நடைமுறையிலிருந்த வரிமதிப்பை அடியாகக் கொண்டு 'நியம வாடகை' வகுக்கப்பட்டது. போர் முடிந்தது, சட்டம் முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டமாகவும், பின்னர் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமாகவும் அது வளர்ந்தது. வாடகையை உயர்த்தவும் குடியெழுப்பவும் வீட்டுக்காரர் கொண்டிருந்த உரிமை படிப்படியாகக் குறுகிற்று. குடியிருந்தவர் இறந்தபின் அவர் மனைவியோ பிள்ளைகளோ அக்குடியுரிமையைத் தொடரவும் வழி பிறந்தது.

வாடகைக்கு விடுதலைப் பெருந்தொழிலாகக் கொண்டோர் யாவர்? கொட்டாஞ்சேனையின் 'தோட்டங்களை' நோக்கின் இதற்கு விடை கிடைக்கும். பெயரளவிலேயே அவை தோட்டங்கள். ஒற்றையறை வரிசைகள், பொதுக் குழாய் ஒன்று, பொது மலகூடம் இரண்டு, இடையே ஒடுங்கிய நடைபாதை என்பதே அவற்றின் அமைப்பு. துறைமுகத்திலும் பண்டகசாலைகளிலும் உழைத்தோருக்கு வேலைத்தலத்துக்கு அண்மையில் உறைவிடம் வேண்டியிருந்தது. அவ்வேட்கையே அவ்வறைகளின் விளைச்சல். வெள்ளவத்தையில் நிலைமை சற்று வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவினைஞராக வந்த இளைஞர் பலர் ஒரு வீட்டை எடுத்து, வாடகையைப் பங்கிட்டு, சமையற்காரர் ஒருவரையும் வைத்துக்கொண்டு 'சமறி' நடத்தினர். திருமணமானபின் 'அனெக்ஸ்' ஒன்றைத் தேடி அலைந்தனர். தமிழரின் கொழும்பு வரலாற்றிற் பெரும்பகுதி பிறர் வீட்டுக் கூரையின் கீழ் நிகழ்ந்த வரலாறு என்பதை நம் ஆய்வாளர் போதிய அளவு கருதவில்லை என்றே தோன்றுகிறது.

1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் வீடமைப்பு அமைச்சர் பொதுவுடைமைக் கட்சியின் பீற்றர் கெனமன். 1972இற் காணிக்கு உச்சவரம்பு விதித்த அரசாங்கம் அடுத்து வீட்டின்மீது கைவைத்தது. 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் அவ்வாண்டு சனவரி 13இல் நடைமுறைக்கு வந்தது. அதன் கணக்கு எளியது. தங்கிவாழும் பிள்ளைகள் எத்தனைபேரோ அத்தனை வீடுகளும், அவற்றுக்குமேல் இரண்டும் ஒரு குடும்பத்துக்கு உரியன. எஞ்சியவை தேசிய வீடமைப்பு ஆணையாளரைச் சாரும். அங்கே குடியிருப்போர் அவற்றை விலைக்கு வாங்க விண்ணப்பிக்கலாம்.

இச்சட்டத்தின் அறநோக்கை எளிதிற் புறந்தள்ளல் ஆகாது. ஒருவர் இருபது ஆண்டுகள் செலுத்திய வாடகை வீட்டின் விலையையும் விஞ்சிவிடக்கூடும். ஆயினும் அவர் அங்கே அயலவராகவே இருப்பார். காணி வாடகை உழைப்பின் பயனன்று, இருப்பிடத்தின் பயனே என்னும் கருத்தை இரிக்காடோ முதல் 1879இல் நூல் எழுதிய ஹென்றி ஜோர்ஜ் வரை பலர் வலியுறுத்தியுள்ளனர். கொட்டாஞ்சேனை அறைக்கு மதிப்பளித்தது சுவரன்று, துறைமுகம். துறைமுகத்தைக் கட்டியவர் வீட்டுக்காரர் அல்லர். வாடகைக்குடியாய் இருந்தவர் உரிமைப்பத்திரத்தைக் கையில் ஏந்தியதை நீதி எனக் கூறுவதில் எமக்குத் தயக்கமில்லை.

எனினும் 1942 முதல் 1973 வரை எழுந்த சட்டங்கள் யாவும் இருவரையே கண்டன: வீட்டுக்காரர் ஒருவர், குடியிருப்பவர் ஒருவர். வீடு தேடுபவராகிய மூன்றாமவரை அவை காணவில்லை. நாளை மட்டக்களப்பிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ புகைவண்டியில் வந்து இறங்கப்போகின்றவர் அவர். உள்ளே இருப்பவரை எழுப்ப முடியாதெனின், அறை வெறுமையாகும்போது அதனை அறியாதவருக்கு விட யார் துணிவர்? சட்டம் விலக்கிய 'கீ மணி' கைமாறிற்று. வாடகை குறைவாயிருந்தமையாற் பழுதுபார்க்க ஒருவரும் முன்வரவில்லை. தோட்டங்களின் கூரைகள் ஒழுகின. வாடகைக்கென்று புதுவீடு கட்டும் ஆர்வமும் குன்றிற்று. சென்னை, பம்பாய் நகரங்களும் ஏறத்தாழ இதே வழியிற் சென்றன. பம்பாயிற் 'பகடி' என்ற பெயரால் அதே மறைமுகப் பணம் வழங்கிற்று.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். வாடகைக்கு விடுவதற்காக வீடு கட்டுபவர் ஊரின் வீட்டுத்தொகையில் ஒன்றைக் கூட்டுகின்றார். கட்டிய வீட்டை வாடகைக்கு விடுவதற்காக வாங்குபவர் எதனையும் கூட்டுவதில்லை. குடியிருக்க வாங்க முனைந்தவரோடு விலையிற் போட்டியிட்டு, வென்றபின் அவரையே தம் வாடகைக்குடியாக்குகின்றார். பிரித்தானியாவில் 1996இல் வங்கிகளும் கடன் நிறுவனங்களும் இத்தகைய கொள்வனவுக்கெனத் தனி ஈட்டுக்கடனை அறிமுகஞ்செய்த பின்னர் எழுந்த வாதத்தின் சாரம் இதுவே. 1973ஆம் ஆண்டுச் சட்டம் வீடுகளை எண்ணியதேயன்றி இவ்விருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. கட்டியவரையும் வாங்கிக் குவித்தவரையும் ஒரே கோலால் அளந்தது. அதன் பெருங்குறை இதுவென்பது எமது கருத்து.

விந்தை என்னவெனில், அதே தேசிய அரசுப் பேரவை அதே 1973இல் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தையும் நிறைவேற்றியது. ஒரு மாடியின் ஒரு பகுதியைத் தனி ஆதனமாக விற்கவும் வாங்கவும் அது வழிவகுத்தது. அப்போது அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. 1977இற் பொருளாதாரம் திறக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டின் 55ஆம் இலக்கத் திருத்தம் புதிய வீடுகளை வாடகைச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. 1983 யூலையில் வெள்ளவத்தைத் தமிழர் வீடுகள் எரிந்தன. அகதிகளாய்க் கப்பலேறியோரிற் பலர் மீளவில்லை; அவர்களின் பணம் மீண்டது. தொண்ணூறுகள் தொட்டுக் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே ஒழுங்கைதோறும் பழைய வளவுகள் இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழுந்தன. வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுத்த 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டமும், முழுவிலையும் வெளிநாட்டிலிருந்து அனுப்பப்படின், நான்காம் மாடியையும் அதற்கு மேற்பட்டவற்றையும் விலக்களித்து விட்டுவைத்தது.

சமறியிற் பாய் விரித்துப் படுத்த எழுதுவினைஞரின் பிள்ளை இன்று ரொறன்ரோவில் இருந்தவாறே வெள்ளவத்தை வீடொன்றின் உரிமையாளர். அவரைப் பழிப்பது எளிது, நாம் பழிக்கப்போவதில்லை. எரிந்த வீட்டின் நினைவுடையவருக்கு நான்கு சுவர் வெறும் முதலீடன்று. மீளவேண்டி நேரின் ஒதுங்க ஒரு நிழல். ஆனால் ஆண்டில் இரு கிழமை தங்குவதற்கெனப் பூட்டிக் கிடக்கும் வீடும், வெளிநாட்டு நாணயத்தில் எண்ணிப் பார்த்து வகுத்த வாடகையும், ஓராண்டு முற்பணமும், வவுனியாவிலிருந்து வரும் ஆசிரியருக்கோ பல்கலைக்கழக மாணவருக்கோ கதவைச் சாத்துகின்றன. சாத்துபவரும் தமிழர், வெளியே நிற்பவரும் தமிழர் என்பதால் இதனை இனப்பிரச்சினையின் கணக்கில் எழுதிவிட்டு நாம் ஒதுங்கிவிட இயலாது.

வெளியே நிற்றல் எத்தகைய ஆபத்து என்பதை 2007 யூன் 7 காட்டிற்று. அன்று விடியற்பொழுதில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் லொட்ஜுகளிற் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்கு நோக்கி அனுப்பப்பட்டனர். தலைநகரில் தங்கத் தகுந்த காரணம் இல்லை என்பதே அவர்கள்மீது கூறப்பட்ட குற்றம். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு வழங்கியது. அன்று முதலில் அகப்பட்டோர் லொட்ஜில் நாட்கணக்கிற் பணஞ் செலுத்தியோரே. வாடகைச் சட்டமோ உச்சவரம்புச் சட்டமோ தன் கண்ணாற் காணாதிருந்த மூன்றாமவர் அவர்தாம்.

விலை ஏற ஏற, கடலோரத்திலிருந்து மக்கள் கிழக்கே நகர்கின்றனர். மாநகர எல்லையைக் கடந்தவுடன் கொலன்னாவை. களனி கங்கைக்கு அண்மையான தாழ்நிலம். சதுப்பு தூர்க்கப்பட்ட காணிகள் பல. 2016 மே மாத வெள்ளம் அங்கே வீடுகளை மூழ்கடித்தது. நகரம் தன் எளிய மக்களைத் தள்ளிய திசையிலேயே தன் குப்பையையும் அனுப்பிற்று. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு அருகிலிருந்த வீடுகளின்மீது சரிந்தது. முப்பத்திரண்டு பேர் இறந்தனர்.