மாடிக்கு ஏற்ற மானியம்

முதல் உலகப் போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு நல்ல வீடு தருவோம் என்று பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் வாக்களித்திருந்தார். 1919-இல் அமைச்சர் கிறிஸ்டோபர் அடிசன் கொண்டுவந்த சட்டம், வீடு கட்டும் பொறுப்பை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. நஷ்டத்தின் பெரும்பகுதியை அரசே ஏற்றது. பணம் கொடுத்தவர்கள் அளவும் சொன்னார்கள்: நகரங்களில் ஏக்கருக்கு 12 வீடுகள், எதிரெதிர் வீடுகளுக்கு நடுவே 70 அடி.

செலவு எகிறியது. 1921-இல் அரசு கையை இறுக்கிக்கொண்டது.

1924-இல் அமைச்சர் ஜான் வீட்லி மறுபடி மடையைத் திறந்தார்: வீட்டுக்கு ஆண்டுக்கு 9 பவுண்டு, 40 ஆண்டுகளுக்கு. 1956-இல் கணக்கு மாறியது. மாடி ஏற ஏற மானியமும் ஏறும். மன்றங்கள் அண்ணாந்து பார்க்கத் தொடங்கின.

1968 மே 16, கிழக்கு லண்டன். ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18-வது தளத்தில் ஒரு பெண் விடிகாலைத் தேநீருக்காக அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. ஒரு மூலை முழுவதும் சரிந்தது. நால்வர் இறந்தனர். அடுப்பைப் பற்றவைத்தவர் பிழைத்தார். உயரத்துக்கான மானியம் முந்தைய ஆண்டே நின்றுபோயிருந்தது. 1970-இல் கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டன.

இதற்கிடையே 1969-இல், வீடுகளின் தரத்தை ஆராய்ந்த பார்க்கர் மாரிஸ் குழுவின் அளவுகள் மன்ற வீடுகளுக்குக் கட்டாயமாகியிருந்தன. குளிர்காலத்தில் வரவேற்பறை 18 டிகிரி, சமையலறை 13 டிகிரி வெப்பம் என்பதுவரை அவற்றில் இருந்தது. 1980-இல் அந்தக் கட்டாயம் போனது. அதே ஆண்டில், குடியிருப்பவர்களே மன்ற வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமை சட்டமானது.