கொடிகாமத்து மணலும் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மாரியிற் பெய்யும் மழை நிலத்துள் இறங்கித் தங்குவதே இங்கு நீர்வளம். வலிகாமத்தில் அது சுண்ணக்கற் பாறையின் பிளவுகளுள் தங்குகின்றது. கொடிகாமத்தைச் சூழ்ந்த மணற்பாங்கான ஊர்களிலும், வடகிழக்கே கடலோரத்து மணற்காடு, நாகர்கோவில் ஆகிய இடங்களிலும் மணலுள் தங்குகின்றது. அகழ்ந்து விற்கத்தக்க பொருளும் குடிநீரைத் தாங்கும் கலமும் ஒன்றேயாக அமைந்தமை இம்மண்ணின் தனித்தன்மை எனலாம். மன்னார்ப் பேசாலையில் 1970களில் சோவியத் உதவியுடன் எண்ணெய் தேடியோர் பாறையை ஆழத் துளைக்க வேண்டியிருந்தது. மணலுக்கோ மண்வெட்டியே போதும்.

கடலோர மணலில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்பது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நிற்குமாயின் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபனும், அவரையடுத்து ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் எடுத்துக்காட்டினர். மேலே ஓரடி தாழ்ந்தால் காலப்போக்கில் கீழே 40 அடி உவர்நீர் ஏறும் என்பது இதன் மறுபக்கம். மணற்குன்றை அகற்றுவோர் மழைநீர் தங்கும் இடத்தையே அகற்றுகின்றனர்.

குன்று யாருடையது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்து நிறுவப்படாத தரிசு நிலத்தை முடிக்குரியதெனக் கொண்டது. அயலில் வாழ்ந்து அதன் நீரை அருந்துவோருக்கு அந்நிலத்தில் உரித்து இல்லாது போயிற்று. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அகழ்வதற்கான உரிமத்தை வழங்குவதும் கொழும்பை மையமாகக் கொண்ட பணியகமே.

அகழ்வு வேலை தருவதும் உண்மையே. 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை பல குடும்பங்களை வாழவைத்தது. 1990இல் போர் அதனை மூடியபோது கற்குழிகளே எஞ்சின.

எனினும் கொடிகாமத்தின் கதை அத்துணை எளிதன்று. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். 2000ஆம் ஆண்டுச் சமரில் தென்மராட்சி மக்களே வீடிழந்தனர். 2009க்குப் பின் மீண்டோர் கட்டிய வீடுகளுக்கு மணல் வேண்டியிருந்தது. வடக்கு, கிழக்கு, மலையகம் ஆகியவற்றுக்கென இந்தியா அறிவித்த வீடுகள் மட்டும் 50,000. கண்டி வீதியும் பருத்தித்துறை வீதியும் கூடும் கொடிகாமச் சந்தி மணல் லொறிகளின் வழியாயிற்று. 2019 டிசம்பரில் மணல் ஏற்றிச் செல்வதற்கான அனுமதிப்பத்திர முறையை அரசு நீக்கியபோது, இருந்த சிறு கட்டுப்பாடும் தளர்ந்தது.

இங்கு அகழ்பவனை மட்டும் குற்றஞ்சாட்டுதல் நீதியன்று. உழவு இயந்திரத்தில் மணல் ஏற்றுபவன் நாட்கூலிக்காரன். அம்மணலாற் சுவர் எழுப்பியவர் அகதியாய் அலைந்து மீண்டவர். அச்சுவருக்குள் வாழும் குடும்பத்துக்கு நீர் தரவேண்டியது முற்றத்துக் கிணறு. அந்நீரைத் தாங்குவதும் அதே மணல்.